துணைக்கோடுகளை மறைப்பவர்

அவர் கை பட்ட படங்களில் வேண்டாத கோடு ஒன்றைக்கூட யாரும் பார்த்திருக்க முடியாது. வேண்டிய கோடுகளிலேயே பாதியைத்தான் பார்த்திருப்பார்கள்.

நாங்கள் வேலை பார்த்தது பெங்களூர் வைட்ஃபீல்டில், பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குப் பாடம் செய்து விற்கும் ஒரு கம்பெனியில். பாடம் என்றால் புத்தகம் இல்லை, திரையில் அசையும் படங்கள். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிள்ளைகள் பிடித்து இழுத்தால் முக்கோணம் நீளும், சுருங்கும், சாயும். ஆனால் உள்ளே இருக்கும் வட்டம் மட்டும் எப்படி இழுத்தாலும் மூன்று பக்கங்களையும் தொட்டபடியே இருக்கும். அப்படி இருக்க வேண்டுமென்றால் கண்ணளவில் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. கோணங்களைச் சரிபாதியாக வெட்ட வேண்டும், வெட்டிய கோடுகள் சந்திக்கும் புள்ளியைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து ஒரு பக்கத்துக்குச் செங்குத்து இறக்க வேண்டும், அதன் பிறகுதான் வட்டம். இப்படி உதவிக்கு வருகிற கோடுகளைத் துணைக்கோடுகள் என்போம். வேலை முடிந்ததும் அவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஹைட்’ கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அழியாது. உள்ளேயே இருந்து வட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ‘ஹைட்’ கொடுக்கும் வேலையை மட்டும் அவர் வேறு யாரையும் செய்ய விடமாட்டார். அவர்தான் எங்கள் டீமுக்கு லீட். நாங்கள் படத்தை முடித்து அனுப்பியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்வார். அரிசியில் கல் பொறுக்குகிறவரைப் போல முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய், ஒவ்வொரு கோடாக மறைப்பார். கடைசிக் கோடும் போனதும் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்த மூச்சில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

“இருந்துட்டுப் போகட்டுமே சார், வட்டம் எப்படி வந்துச்சுன்னு பசங்களுக்குத் தெரியுமே” என்று சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டேன்.

“பந்தியில எலைக்குப் பக்கத்துல அடுப்பைக் கொண்டாந்து வெப்பியாம்மா? சாம்பார் எப்படி வந்துதுன்னு தெரியணும்னு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் குடியாத்தத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு வந்தவள். அங்கே பரீட்சைத் தாளில் காம்பஸால் போட்ட வட்டவில்லை அழித்துவிட்டால் மார்க் கிடையாது. எத்தனை பிள்ளைகளுக்கு நானே குறைத்திருக்கிறேன். இங்கே வில் தெரிந்தால் வேலை போய்விடும். ஊருக்கு ஊர் கணக்கும் மாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பழகிக்கொண்டேன்.

அவர் குடும்பம் மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. தமிழ் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு ‘அல்வா’ போடுவார். இல்லையா என்பதற்குக் கன்னடம். எதிராளி இல்லை என்றே சொல்ல முடியாதபடி கேட்கிற ‘அல்வா’ அது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார், டப்பாவில் என்ன இருக்கிறதென்று இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தெரியாது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறார் என்பதே, அவர் மேஜையைத் துடைக்கிற அம்மா குப்பைக்கூடையில் ஊசிமூடியைப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் படம் கிடையாது. கடைசியாக எப்போது வந்தார் என்று காட்டாது. நாம் அனுப்பியதைப் படித்தாரா என்றும் தெரியாது. ஆனால் எந்தச் செய்திக்கும் பதில் வராமல் இருந்ததில்லை. “பர்வாகில்லம்மா” என்று வரும். பரவாயில்லையாம். பாதி நாள் எது பரவாயில்லை என்று நமக்கே புரியாது.

ஒருமுறை “வீட்ல ஸ்வல்ப வேலை இருக்கு” என்று இரண்டு நாள் லீவு போட்டார். ஸ்வல்ப என்றால் கொஞ்சம். பிறகு கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். மீட்டிங்கில் கேமரா போடவில்லை, குரல் மட்டும் வந்தது. எப்போதும் போன்ற குரல்தான். நான் செய்திருந்த ஒரு படத்தில் தப்பைக் கண்டுபிடித்து, “இந்தப் புள்ளி கோட்டு மேல ஒக்காரல, பக்கத்துல சும்னே நிக்குது பாரு” என்று கேலி செய்தார். பிறகு ஆபீசுக்கு வந்தார், அதே முழுக்கைச் சட்டை, அதே டப்பா. ரொம்ப நாள் கழித்து, மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மஞ்சு சொன்னான். மஞ்சு எங்கள் டீமில் கோடிங் பார்த்தவன். அந்த ‘ஸ்வல்ப வேலை’, அவர் மனைவி இறந்தது.

எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. நேராகப் போய்க் கேட்டேன். “ஏன் சார், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீங்கல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு வருவீங்க. அப்புறம் நான் உங்களைச் சமாதானப்படுத்தணும். அதுக்குத்தான்.” டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். “அந்த உள்வட்டம் முடிச்சிட்டியா?”

எவ்வளவு பெரிய மனசு என்று நான் நினைத்தேன். பி.ஜி. ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு போனேன். மனைவி செத்ததையே குரலில் காட்டாத ஆள் வேறு எதையெல்லாம் காட்டாமல் இருக்க முடியும் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணமும் இந்த மறைக்கிற குணம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு விஷயம் உண்டு. முதலில் வைத்த புள்ளியிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கும். அந்தப் புள்ளியை அழித்தால், அதை நம்பி இருக்கும் கோடு, வட்டம், கோணம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போய்விடும். பள்ளிக்கூடக்காரர்கள் பாடத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில், ஓரத்தில் அசிங்கமாக ஒரு புள்ளி நிற்கிறதே என்று நான் அதை அழித்தேன். முழு அத்தியாயத்தின் படமும் போய்விட்டது. திரும்பக் கொண்டுவரும் பொத்தானை அழுத்துவதற்குப் பதில் பதற்றத்தில் சேவ் செய்து மூடியும் விட்டேன். பக்கத்து அறைக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து, பள்ளிக்கூடக்காரர்களிடம், “சர்வர் கொஞ்சம் தகராறு பண்ணுது, ஒரு காபி சாப்டுட்டு வந்துடலாமா?” என்றார். அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் காபி குடித்துத் திரும்புவதற்குள் மொத்தப் படத்தையும் மறுபடி கட்டினார். அப்படிக் கட்டுகிற கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நடந்ததை இன்று வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி ஒருவர் காப்பாற்றினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

முதல் உறுத்தல் குத்துக்கோட்டுப் பாடத்தில் வந்தது. முக்கோணத்தின் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு நேரே இறக்குகிற கோடு குத்துக்கோடு. முக்கோணம் ரொம்பச் சாய்ந்து, ஒரு கோணம் விரிந்துபோனால், அந்தக் கோடு பக்கத்தின் மேல் விழாமல் வெளியே விழும். பக்கத்தை நீட்டி வைத்தால்தான் அதற்கு இறங்க இடம் கிடைக்கும். எங்கள் ஆட்கள் என்ன செய்துவிட்டார்கள் என்றால், முடிவில்லாமல் நீளும் கோடு போட வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கோட்டுத்துண்டு போட்டுவிட்டார்கள். இந்த வேலையில் புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு இது. படம் நேராக நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. முனையைப் பிடித்து ஓரமாக இழுத்தால் குத்துக்கோடு பொசுக்கென்று காணாமல் போகும். ஏழாம் வகுப்புப் பாடம் முழுக்க அந்த அச்சிலேயே பக்கம் பக்கமாகச் செய்தாயிற்று. கொடுக்க வேண்டிய நாளோ தலைக்கு மேல் நிற்கிறது.

எல்லாவற்றையும் திறந்து கோட்டை மாற்றுவோம், நான் கூட உட்கார்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. உச்சிப்புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன எல்லை போட்டார். அந்த எல்லையைத் தாண்டி அந்தப் புள்ளியை யாரும் இழுக்க முடியாது. முளையில் கட்டிய மாடு மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். முக்கோணம் சாய்கிற அளவுக்கு அது போகவே போகாது, குத்துக்கோடும் காணாமல் போகாது. பிறகு அந்த எல்லையையும் மறைத்தார். சாய்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“சார், குத்துக்கோடு வெளியவும் விழும்னு பசங்களுக்கு எப்பத்தான் தெரியும்?”

“எட்டாவதுல தெரிஞ்சுக்கட்டும்மா.”

“எட்டாவதுல இந்தப் பாடமே இல்ல சார்.”

“அப்ப ஒம்பதாவது” என்றார். “ஏம்மா, கொழந்தைங்க சந்தோஷமா இழுத்து வெளையாடட்டுமே. கோடு ஒடையறத எதுக்குக் காட்டணும்? அல்வா?”

கோடு உடையவில்லை, உடைந்தது நம் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் பேச்சில் அப்படி ஒரு கனிவு இருந்தது. குழந்தைகளின் மேல் அக்கறையில்தான் செய்கிறார் என்று அவரே நம்பினார். பாசாங்கு செய்கிற ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தான் செய்வது நல்லது என்று மனதார நம்பி மறைக்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி என் மகளைப் பற்றி. கயல் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். என் கணவர் எங்களோடு இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். நான் பெங்களூர் வந்ததிலிருந்து அவள் குடியாத்தத்தில் அக்கா வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை காலை ரயிலுக்கு நான் போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். பிளாட்பாரத்தில் அவள் அழமாட்டாள். அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள். அதுதான் தாங்காது. எனக்கு இருந்த ஒரே ஆசை அவளை என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்வது. அது டீமில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவரிடம்தான் நான் புலம்புவேன்.

அந்தக் கோடையில் முடிவெடுக்க வேண்டி வந்தது. ஆபீசுக்குப் பக்கத்தில் ஹூடியில் ஒரு அறை, சமையலறையோடு கிடைத்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடமும் தருகிறோம் என்றார்கள். ஆனால் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். பிள்ளையை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கி இன்னொன்றில் வைத்துவிட்டு, பாதி வருஷத்தில் வேலை போனால் என்ன செய்வேன்? அவரிடம் நேரடியாகவே கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“சார், நீங்க லீட். உங்களுக்குத் தெரியாம எதுவும் நடக்காது. நம்ம டீம் இருக்குமா? இருக்கும்னாத்தான் பாப்பாவக் கூட்டினு வருவேன். இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடப் பை, ஷூ எல்லாம் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் நன்றாகக் கிடைக்கும், வா காட்டுகிறேன் என்று அவரே கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்.

“கூட்டிட்டு வாம்மா” என்றார். “ஒண்ணும் ஆகாது.”

அன்றைக்கு அந்தத் தெருவில் அவர் என்னைவிட உற்சாகமாக இருந்தார். கடைக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசினார். பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார். “இது ஒரு வருஷம் தாங்குமா பாரு, பசங்க தூக்கித் தூக்கிப் போடுவாங்க” என்று வேறு பையை எடுக்கவைத்தார். ஒரு நீலத் தண்ணீர் பாட்டிலைத் தானே வாங்கி, “பாப்பாவுக்கு நான் குடுத்தேன்னு சொல்லு” என்றார். பிறகு நின்றபடி காபி குடித்தோம். இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அவருக்குத் தெரியும்.

கயல் வந்தாள். ஹூடி அறையில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தோம். காலையில் அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வேலைக்குப் போவேன். கன்னடம் இரண்டாம் மொழி. மூக்கால் அழுதுகொண்டே எழுத்துப் பழகினாள். பிறகு ஷாலினி என்று ஒரு தோழி கிடைத்ததும் என்னைவிட நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அவளைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ரயிலேறுவேன். அது நின்றுபோனது. அவ்வளவுதான் நான் கேட்டது.

ஒரு சனிக்கிழமை வேலை வந்துவிட்டது. வீட்டில் விட ஆள் இல்லாமல் அவளை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அவர் கயலைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, குத்துக்கோட்டுப் பாடத்தைத் திறந்து மவுஸைக் கையில் கொடுத்தார். அவள் முனையைப் பிடித்து இழுத்தாள். மேலே, கீழே, வலது பக்கம். ஓரிடத்தில் அது நின்றுவிட்டது. மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து இழுத்தாள். வரவில்லை.

“ஏன் இது இதுக்கு மேல வர்ல?”

“அவ்ளோதாம்மா வரும்.”

“எதுலயோ மாட்டினு இருக்குது. யாரோ கட்டி வெச்சிருக்காங்க.”

“கட்டியெல்லாம் வெக்கல. அதுக்கு அங்க போக இஷ்டமில்ல” என்று அவர் சிரித்தார். கயல் சிரிக்கவில்லை. திரையில் ஒன்றுமில்லாத அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சாக்லேட் கொடுத்து அவளை எழுப்பினார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் முழுப் பாடத்தையும் முடித்துக் கொடுத்தோம். கம்ப்யூட்டர்களுக்குக் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் பங்கிட்டார்கள். லீவு முடிந்து வந்த முதல் நாள் ஒரு வீடியோ மீட்டிங். மும்பையிலிருந்து எச்.ஆர். பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் பேசினாள். பாடம் விற்றாகிவிட்டது, இந்த டீம் இனி தேவையில்லை, இன்றோடு மூடுகிறோம் என்றாள். அந்தப் பெண் எங்களைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். பெரும்பாலான இடங்களில் கடைசி நேரத்தில் ஆட்கள் ஓடிப்போய் வேலை கெட்டுவிடுமாம். இங்கே உங்கள் லீடுக்கு ஏப்ரலிலேயே சொல்லிவிட்டோம், அவர் அழகாக நடத்தி முடித்தார், அவருக்கு எங்கள் நன்றி என்றாள்.

திரையில் அவருடைய சதுரத்தைப் பார்த்தேன். கேமரா அணைந்திருந்தது.

எட்டாவது கிராஸுக்கு நாங்கள் போனது மே மாதம்.

அவரை ஆபீசில் பாத்திரம் கழுவுமிடத்தில் பிடித்தேன். குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் கழுவுவதை நிறுத்தவில்லை.

“உங்களுக்குத் தெரியும்.”

“ரிலீஸ் முடியறவரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு ஆர்டர்மா.”

“மத்தவங்களுக்குச் சொல்லாதீங்க சார். அது உங்க ஆர்டர். நான் வாயத் தொறந்து கேட்டேன். எம்பொண்ணக் கூட்டினு வரட்டுமான்னு கேட்டேன். தெரியாதுன்னு சொல்லிருக்கலாம் இல்ல? ‘இப்ப வேணாம்மா’ன்னு ஒரு வார்த்த போதுமே. நான் காரணங்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.”

குழாயை மூடினார். டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார்.

“சொல்லிருந்தா நீ பாப்பாவக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டே. அல்வா?”

“ஆமா. கூட்டினு வந்திருக்க மாட்டேன்.”

“இவ்ளோ நாளு அவ உன்கூட இருந்தா. நீ எவ்ளோ சந்தோஷமா இருந்தேன்னு நான் பாத்தேம்மா. பின்னல் போட்டுட்டு வர்றப்ப உன் மொகமே வேற. அதக் கெடுக்க எனக்கு மனசு வர்ல.”

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. என் மேல் உள்ள அன்பில்தான் செய்தேன் என்று அவர் மனதார நம்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். இவர் எனக்கு ஏதோ பரிசு கொடுத்தமாதிரி நின்றார்.

“உங்களுக்கு வேல இருக்குதா சார்?” என்று கேட்டேன்.

“வேற டிபார்ட்மெண்ட்ல போட்டிருக்காங்க” என்றார், டப்பாவைத் துடைத்துக்கொண்டே. அதையும் கேட்டதால்தான் சொன்னார்.

நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அன்று சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். திறந்து பார்க்கவில்லை. எப்படியும் பர்வாகில்ல என்றுதான் இருந்திருக்கும்.

பாதி வருஷத்தில் வேறு வேலை கிடைக்கவில்லை. ஹூடி அறையைக் காலி செய்தேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கப் போனபோது இப்போதுதானே சேர்த்தீர்கள் என்று கேட்டார்கள். கயலிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன், சனிக்கிழமை ரயில். குடியாத்தத்தில் பழைய பள்ளிக்கூடத்தில் அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். நான் வேலை தேடிக்கொண்டு மறுபடி பி.ஜி. ஹாஸ்டல், மறுபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறுபடி அந்தப் பிளாட்பாரம்.

கோபம் ஆறிவிட்டதா என்று அக்கா கேட்பாள். ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நல்ல மனிதர்தான், பாவம், மேலிடத்து நெருக்கடி, அவர் என்ன செய்வார் என்று மஞ்சு இன்னும் போனில் சொல்கிறான். மஞ்சுவுக்குப் பிள்ளை இல்லை. இப்போது ஜே.பி. நகரில் இன்னொரு கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறேன். இதே முக்கோணம், இதே வட்டம். துணைக்கோடுகளை மறைப்பதில்லை. மெல்லிய புள்ளிக்கோடாக விட்டுவிடுகிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இங்கேயும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவருடைய வேகம் எனக்கு வந்திருக்கிறது, அவர் கட்டுகிற வரிசையிலேயே என் கையும் போகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மாற்ற முடியவில்லை.

போன கோடையில் வேலையை நிரந்தரம் செய்தார்கள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தேன். முன்னதைவிடப் பெரியது, கயலுக்கென்று ஜன்னலோரம் ஒரு மூலைகூட இருந்தது. ஆறாம் வகுப்புக்கு இடமும் பேசிவிட்டு ஊருக்குப் போனேன். அக்கா முந்தின நாளே துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்திருந்தாள். கயல் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள்.

“இந்த தபா எத்தினி நாளும்மா?” என்றாள்.

“இன்னாடி எத்தினி நாளு?”

“நான் அங்க இருக்கறது. திரும்ப அனுப்பறதுன்னா இப்பவே சொல்லிடு. போன தபா ஷாலினிகிட்டகூட சொல்லாம வந்துட்டேன். அவ எனக்கு எடம் புடிச்சி வெச்சினு இருந்திருப்பா.”

ஒண்ணும் ஆகாது, வாடி என்று எந்த அம்மாவும் சொல்லிவிடுவாள். நாக்கு நுனி வரை வந்தது. அக்காகூட அதைத்தான் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தைகளை என்னால் சொல்ல முடியவில்லை. அவை என்னுடையவை இல்லை. அவர் ஒருமுறை சொல்லி முடித்துவிட்டவை.

“தெரியாதுடி” என்றேன். “கம்பெனி இருக்கறவரைக்கும் இருப்போம். எத்தினி நாளு இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

அவர் அங்கே இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைத்து, பையைத் தானே தூக்கிக்கொண்டு ரயிலேற்றியிருப்பார்.

கயல் பைக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை. “அப்ப நான் இங்கயே இருக்கேன்மா” என்றாள். பையைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்காவின் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள். நான் சாயங்கால ரயிலுக்குத் தனியாகக் கிளம்பினேன்.